கன்னத்துக்குள் மூன்று மாத்திரை

கிட்ட வந்து இருங்கோ. இன்னும் கொஞ்சம் கிட்ட. எனக்கு இப்போது வாய் திறக்க ஏலாது. இடப்பக்கக் கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் மூன்று மாத்திரை கிடக்கிறது, ஆகவே நெஞ்சுக்குள் இருந்தபடிதான் சொல்லப்போகிறேன், தள்ளி இருந்தால் உங்களுக்குக் கேட்காது. வாய் சும்மா இருந்தாலும் இந்த அகதி முகாமுக்குள் உரக்கக் கதைக்க ஏலாதுதான். இங்கே எந்தச் சுவரும் கூரைவரை போவதில்லை. கட்டினவனுக்குப் பாதியில் சீமெந்து முடிந்துபோனது போல, சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு முழம் வெளி. அந்த முழத்தால் காற்று வராது, வெளிச்சம் வராது, அடுத்த வீட்டுக் கதை மட்டும் வரும். மன்னாரிலிருந்து வந்து முப்பது வருசத்துக்கு மேலாக அந்தக் கதையைக் கேட்டபடி கிடக்கிறேன். படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி, கண்ணும் மங்கிவிட்டது, காது மட்டும் சூடை மீன் கூட்டம் தண்ணீருக்குள் திரும்புகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்த காது. எங்கள் வரிசையில் பதினாறு கதவு, எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருமினாலும் பெயர் சொல்லுவேன். கடைசி வீட்டுக்காரிக்கு மூன்று இருமல், பிறகு ஒரு 'யேசுவே'. தொட்டிப் பக்கத்து வாத்தியார் இருமுவதற்கு முன்னால் ஒருமுறை செருமி அனுமதி கேட்பார். என்னுடையது பெயின்ட் இருமல் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஊர் ஊராய்ப் போய்ப் பழைய சுவரைச் சுரண்டுகிற வேலை, அந்தத் தூள் நெஞ்சுக்குள் போய்ப் படியத்தானே செய்யும். கசக்கிறது. மாத்திரையின் தோல் கரையத் தொடங்கிவிட்டது. எதிரே நர்ஸ் மிஸ்ஸி எழுதிக்கொண்டே இருக்கிறா.

மற்ற நாள் இப்படி இல்லை. காலமை ஏழரைக்கு, பிள்ளைகள் வருவதற்கு முன்னால், இந்தப் பால்வாடிக் கட்டடத்துக்கு வருவா, மூன்று மாத்திரையைக் கையில் தருவா, நான் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன், "ஆ காட்டுங்க பெரியவரே" என்பா, நாக்கைத் தூக்கிக் காட்டுவேன், கன்னத்தை யார் பார்க்கிறது, உடனே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவா. இன்றைக்கு 'ஆ' கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாயிருக்கிறது. அவவுக்குப் பெயர் ராஜகனி, இந்தப் பக்கத்துக் கிராமத்து நர்ஸ், நாங்கள் எங்கள் வழக்கப்படி மிஸ்ஸி என்றோம், முதல்நாள் சிரித்தா, பிறகு அதுவே பெயராகிவிட்டது. வந்த புதிதில் எங்கள் பேச்சு அவவுக்குப் பிடிபடவில்லை. கொப்பியின் கடைசித் தாளில் எழுதி வைத்திருக்கிறா, தடிமன் என்றால் ஜலதோசம், சத்தி என்றால் வாந்தி, உளைவு என்றால் வலி, எழுதினதை எனக்கே வாசித்துக் காட்டி "சரியா?" என்று கேட்டா. மூலையில் இருக்கிற ஆவி பிடிக்கிற மெசினும் அவ யாரிடமோ கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்ததுதான். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு மூச்சு இழுத்தால் அதைப் போடுவா. அது ஓடினால் பழைய வள்ளத்து எஞ்சின் மாதிரி அப்படியொரு சத்தம், அது ஓடும்போது மட்டும்தான் வரிசையில் யார் இருமுகிறார் என்று என் காதுக்கே கேட்காது. பத்து ஊர் பார்க்கிற மனுசி. என் மாத்திரையை முகாமுக்குள்ளேயே யாரிடமாவது கொடுத்து விழுங்க வைக்கச் சொல்லியிருக்கலாம், அதுதான் வழக்கமாம், நான் கையெடுத்துக் கும்பிட்டதால், ஒருவருக்கும் தெரியவராது என்று வாக்குத் தந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் வந்தா. அந்தக் கையில் இருந்து வாங்கித்தான் எட்டு நாளாய்க் கன்னத்துக்குள் ஒளிக்கிறேன். எட்டு நாள். இன்றைக்கு ஒன்பது.

ஏன் கும்பிட்டேன் என்று கேட்பீர்கள். என் அப்பாவுக்குக் காசம் வந்தது. வெள்ளை வான் ஒன்று வாசலுக்கு வந்து, தெற்கே எங்கேயோ நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. போகும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை, இருமல் வந்துவிடும் என்று பயந்து வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு இருந்தார். பாயை எரித்தார்கள். கோப்பையைக் கிணற்றடியில் உடைத்தார்கள். ஆள் வரவில்லை. அம்மா எங்களைக் கூப்பிட்டு, யார் கேட்டாலும் அப்பாவுக்குத் தடிமன் என்று சொல்லுங்கோ என்றா, தடிமனுக்குப் பாயை எரிப்பார்களா என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. போன மாதம் மிஸ்ஸி வரிசை வரிசையாய் வந்து, இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பி கொடுத்து, விடியக்காலமைச் சளி வேணும் என்றபோது, எனக்கு அந்த வான் கண்ணுக்குள் வந்து நின்றது. வெளியே போக முகாம் வாசலில் கையெழுத்து, உள்ளே வரக் கையெழுத்து, நோயென்று பெயர் வந்தால் இதற்குள் இன்னொரு கதவு, அதற்கும் உள்ளே இன்னொரு கதவு. வீட்டில் மகள் ரெஜினாவும் அவள் பிள்ளையும், அவளுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் பெண்பிள்ளை பிறந்தது, பத்துக்குப் பத்து அறையில் மூன்று உயிர். டப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போது சுவருக்கு மேலால் கிறகோரி சிரித்தான்.

கிறகோரி எனக்குப் பக்கத்து அறைக்காரன், வேலைக்கும் கூட்டாளி. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. நெஞ்சு பலகை. நான் அவன் வீட்டுக்குள் போய், "மச்சான், உன்ர வாயால எனக்கொரு உதவி வேணும்" என்றேன். "பாட்டோ?" என்றான். "இல்லையடா, துப்பல்." "பாட்டெண்டா யோசிச்சிருப்பன். துப்பலுக்கென்ன, கொண்டா." "சும்மா எச்சில் வேண்டாமாம், அடிநெஞ்சுச் சளி வேணுமாம்." அவன் குனிந்து, கரைவலை இழுக்கிற மாதிரி இழுத்து, டப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இந்தா, முதல்தரச் சாமான். இதப் பாத்தா டாக்குத்தர் உன்னை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவான்" என்றான். அவன் மனிசி எமில்டா விற்கிறதுக்கு இடியப்பம் பிழிந்துகொண்டே, "காலங்காத்தால என்ன அசிங்கம், ரெண்டு பேரும் வெளிய போங்கோ" என்று கத்தினா. சிரித்தோம். டப்பியில் என் பெயர் எழுதியிருந்தது, சந்தியாப்பிள்ளை, மிஸ்ஸியின் வடிவான கையெழுத்து. மூடியைத் திருகிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து மிஸ்ஸி என்னை இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், மெல்லிசாய்ச் சொன்னா. "பெரியவரே, பயப்படாதீங்க. கிருமி இருக்கு. ஆறு மாசம் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது. எங்கயும் போய்ப் படுக்க வேண்டாம், இங்கயே வச்சுச் சரியாக்கிரலாம்." எனக்கு முதலில் வந்தது சந்தோசம். மறைத்து என்ன, சந்தோசம்தான் வந்தது, கிருமி என்னுடையது இல்லையே என்று. ஒரு மூச்சுநேரம். அடுத்த மூச்சில் கிறகோரியின் சிரிப்பு என் காதுக்குள் வந்தது. அவன் சிரித்து முடிக்கும்போது, வாலில் ஒரு கரகரப்பு இருக்கும், வள்ளம் மணலில் ஏறுகிற மாதிரி. எத்தனையோ மாதமாய்க் கேட்கிறேன். பீடியாக்கும் என்று விட்டுவிட்டேன். பதினாறு வீட்டு இருமலுக்கும் பெயர் சொல்லுகிற காது, சிரிப்புக்குள் கிடந்த இருமலைக் கேட்கவில்லை.

அன்றைக்கு அவன் கேட்டான், "என்னவாம் மச்சான் டப்பி?" நான் சொன்னேன், "ஒண்டுமில்லையாம்." "பாத்தியே, என்ர சளி தங்கம்" என்றான். அவ்வளவுதான், கதவு அடைத்துவிட்டது. எப்படிப் போய்ச் சொல்லுவது, உன் துப்பலை என்னுடையது என்று கொடுத்தேன், அதில் உனக்கு நோய் கண்டுபிடித்தார்கள், மாத்திரை எனக்குத் தருகிறார்கள் என்று? சொன்னால் சுவருக்கு மேலால் போகும். போனால் நாளைக்கு எமில்டாவின் இடியப்பத்தை யார் வாங்குவார்கள்? மிஸ்ஸியிடம் சொல்லலாமென்றால், ஞாயிற்றுக்கிழமையும் வந்த மனுசியின் முகத்தைப் பார்த்து எந்த வாயால் சொல்லுவது? ஆகவே ஒரு விசர் வேலை செய்தேன். கன்னத்துக்குள் ஒளித்த மாத்திரையை வெளியில் போய் எடுத்து, கழுவி, கடதாசியில் சுற்றி, வேலைக்குப் போகும்போது அவனுக்குக் கொடுத்தேன். சத்து மாத்திரை, பெயின்ட் அடிக்கிற ஆட்களுக்கென்று தருகிறார்கள், எனக்கு வயிறு ஏற்காது, நீ போடு. "ஏன்டா ஈரமாக் கிடக்கு?" "கை வேர்வை." "உன்ர கைக்கும் ஒரு டப்பி குடுக்கச் சொல்லு." போட்டான். பாதி கரைந்த மாத்திரை பாதி நோயைத்தான் கொல்லுமோ, மீதியைக் கோபப்படுத்துமோ, யாரைக் கேட்பது? மிஸ்ஸியோ, "வீட்டுல கைப்பிள்ளை இருக்கு, அதுக்கும் மருந்து குடுக்கணும், ரெஜினாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்று நாள்தோறும் கேட்கிறா, நான் நாளைக்கு நாளைக்கு என்கிறேன். என் இருமல் என்ன இருமல் என்றே எனக்குத் தெரியாது, அதை யாரும் இன்னும் பார்க்கவில்லை, அந்த இருமலோடுதான் பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்கிறேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கிறகோரி. மன்னாரிலிருந்து வந்த அன்றைக்கும் இப்படித்தான் நெருங்கிக் கிடந்தோம். வள்ளக்காரன், இறங்குங்கோ, இந்தியா வந்திட்டுது என்றான், இறங்கினோம், பார்த்தால் கடல் நடுவில் மணல் தீடை. பதினெட்டுப் பேர். ஒரு பற்றை இல்லை, நிழலென்றால் எங்கள் நிழல்தான். ஒரு போத்தல் தண்ணீர். உச்சி வெயிலில் அது கை மாறிக் கை மாறிக் கிறகோரியிடம் வந்தது, ரெஜினா அப்போது சின்னப்பிள்ளை, அவன் தோளில் இருக்கிறாள், அவன் போத்தலை வாயில் வைத்து அண்ணாந்தான், தொண்டைக் குழி அசையவில்லை. குடித்த மாதிரித் துடைத்துக்கொண்டு எனக்குத் தந்தான். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே குடித்தேன். மிஸ்ஸியின் பேனை நின்றுவிட்டது.

மிஸ்ஸி நிமிர்ந்து பார்க்கிறா. "பெரியவரே, ஒண்ணுக்குச் செவப்பாப் போகுதா?" அடடா. முதல்நாளே சொன்னா, இந்த மாத்திரை போட்டால் மூத்திரம் சிவப்பாய்ப் போகும், பயப்பட வேண்டாம் என்று, நான் கேட்டேன், கேட்டு மறந்தேன், என் உடம்புக்குள் போகாத மருந்தின் நிறம் எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? தலையாட்டுகிறேன். "ம்." "எத்தன நாளா?" எட்டு விரலைக் காட்டுகிறேன். எச்சில் ஊறி வாய் நிறைகிறது, விழுங்கினால் கசப்போடு மாத்திரையும் போய்விடும், அவனுக்கு இன்றைக்கு இல்லாமல் போகும். ஜன்னலுக்கு வெளியே பைப்படியில் பெண்கள் குடம் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், எமில்டாவும் நிற்கிறா, இந்த ஜன்னலுக்குக் கதவில்லை. மிஸ்ஸி கதிரையை இழுத்துக் கிட்ட வருகிறா, குரலைத் தாழ்த்துகிறா. "முந்தாநாள் சுகர் பாக்கணும்னு ஒண்ணுக்குப் புடிச்சுத் தரச் சொன்னேன்ல? தண்ணி மாதிரித் தெளிவா இருந்துச்சு." நான் விரலை மடக்கிக்கொள்கிறேன். "நேத்து இன்னொருத்தர் வந்தாரு. யாருன்னு நான் சொல்ல மாட்டேன், உங்களைப் பத்தி யாருகிட்டயும் சொல்லாத மாதிரி. வேலை பாக்கற எடத்துல சுண்ணாம்புக் குழி ஓரமா ஒதுங்கினாராம். வெள்ளையில செவப்பு. ரத்தம்னு நெனச்சுட்டாரு. நடுங்கிப்போயி வந்தாரு. ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களான்னேன், சத்து மாத்திரைன்னாரு. வீட்டுல சொல்லிராதீங்கன்னாரு. அப்புறம் என்ன சொன்னாரு தெரியுமா? என் கூட்டாளிகிட்டயும் சொல்லிராதீங்க, அவனுக்கே நெஞ்சு சரியில்ல, தாங்க மாட்டான்னாரு."

தொண்டைக் குழி அசையவில்லை. அந்தத் தீடையில் போத்தல் கை மாறுகிறது. மேலே ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் வெளி தெரிகிறது, அதால் ஒரு அணில் போகிறது, அதற்கென்ன. மிஸ்ஸி ஒரு வளைந்த தட்டை என் நாடிக்குக் கீழே பிடிக்கிறா. "துப்புங்க." துப்புகிறேன். மூன்றும் செங்கல் நிறத்தில் தட்டில் ஓடுகிறது, உதடெல்லாம் சிவப்பு, வெத்திலை போட்ட மாப்பிள்ளை மாதிரி. "மிஸ்ஸி" என்கிறேன். இன்றைக்கு வாயால் வந்த முதல் சொல். "இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. நான் கோவிச்சுக்குவேன், கட்டாயம் கோவிச்சுக்குவேன், ஒன்பது நாள் பெட்ரோல் போட்டு வந்திருக்கேன். ஆனா அது அப்புறம். இப்ப அவருக்குச் சரியான மருந்து ஆரம்பிக்கணும். உங்களுக்கு நோவு இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது, வீட்டுல கைப்பிள்ளை." பையைத் திறந்து இரண்டு புது டப்பி எடுத்து மேசையில் வைக்கிறா. இரண்டிலும் பெயர் எழுதவில்லை. "நீங்களே சொல்லணும் பெரியவரே. நான் சொன்னா அவரு மருந்தத்தான் சாப்பிடுவாரு. நீங்க சொன்னாத்தான் சோறும் சாப்பிடுவாரு." ஜன்னலுக்கு வெளியே இடுப்பில் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கிறகோரி வருகிறான். அந்தச் சாரம் எப்போதிருந்து இப்படி நழுவத் தொடங்கியது? எட்டு நாளாய்ப் பக்கத்தில் ஏணி பிடிக்கிறேன், காதால் பார்த்தே பழகியவன் கண்ணால் பார்க்கவில்லை. பைப்படியில் எமில்டா கேட்கிறா, "இஞ்சேருங்கோ, பால்வாடியில உங்களுக்கென்ன அலுவல், பால் குடிக்கவோ?" "ஓமடி, எனக்கும் ஒரு சங்கு வேணுமாம்" என்கிறான். சிரிக்கிறான். வள்ளம் மணலில் ஏறுகிறது.

வாசலில் என்னைக் கண்டதும் நின்றுவிட்டான். முகத்தில் ஒரு மாதிரிப் பயம், களவு பிடிபட்டவன் பயம், என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். "நீ என்ன மச்சான் இஞ்ச?" "நீ என்ன இஞ்ச?" "சும்மா. பிரசர் பாக்க." "நானும் பிரசர்." மிஸ்ஸி வாங்குப் பலகையைக் காட்டினா. "ரெண்டு பிரசரும் பக்கத்துல பக்கத்துல உக்காருங்க." அவன் வந்து என்னை இடித்துக்கொண்டு இருந்தான். மேசையில் இரண்டு டப்பியைப் பார்த்தான், தட்டில் கிடந்த மூன்றையும் பார்த்தான், என் உதட்டைப் பார்த்தான். அவனுக்கு மூச்சு வாங்குவது எனக்கு இப்போது கேட்டது, அடியில் ஒரு விசில், வலைக்குள் காற்றுப் போகிற மாதிரி. வாய் காலியாய்த்தான் இருந்தது, கன்னத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் திறக்க ஏலவில்லை. பைப்படியில் குடம் நிறைகிற சத்தம் நின்றுவிட்டது. பெண்களின் பேச்சும் நின்றுவிட்டது. அந்த அமைதி எனக்குத் தெரியும், காது கொடுக்கிற அமைதி, நானும் முப்பது வருசம் அப்படித்தானே இருந்தேன். எமில்டா ஜன்னலுக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறா என்று அவவின் வளையல் சொன்னது. என் கண் ஜன்னலுக்குப் போனது, அங்கிருந்து அந்த ஒரு முழ வெளிக்குப் போனது, திரும்பி வந்து மிஸ்ஸியின் கண்ணில் முட்டியது. அவவும் ஜன்னலைப் பார்த்தா, மேலே பார்த்தா. பிறகு எழும்பி மூலைக்குப் போனா. ஆவி பிடிக்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் காலுக்கு நடுவில் வைத்தா. மருந்து ஊற்றவில்லை, மூக்கு மூடியை எவருக்கும் மாட்டவில்லை, அது வெறுமனே தொங்கியது. சுவிட்சைத் தட்டினா. அறை முழுக்க எஞ்சின் சத்தம் நிறைந்தது. அவ செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்தி, ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டா.